கதை சொன்னவர்களுக்கு நாம் பட்ட கடன்

இது கொஞ்சம் நீளமான இழை. நேரம் இருக்கும்போது நிதானமா படிங்க.

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன்.

ஒரு நோய்க்கு மருந்து கண்டுபிடிச்சாச்சு. அது வேலை செய்யுதுன்னும் உறுதியாகிடுச்சு. அதுக்கப்புறம் அந்த மருந்து ஒரு ஏழை நோயாளியின் கைக்கு வந்து சேர எத்தனை வருஷம் ஆகும்?

எச்.ஐ.வி விஷயத்தில் 8 வருஷம் ஆனது.

மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் எச்.ஐ.வி கிருமியை அடக்கி வைக்கலாம் என்பது 1996-லேயே மருத்துவ உலகுக்குத் தெரிந்துவிட்டது. பணக்கார நாடுகளில் எய்ட்ஸ் மரணங்கள் மளமளவென்று இறங்கின. ஆனால் நம் நாட்டில் அரசு இந்தக் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1-ம் தேதி. தென்னாப்பிரிக்க அரசு மருத்துவமனைகளிலும் திட்டமாகக் கொடுக்க ஆரம்பித்தது அதே 2004-ல்தான்.

நடுவில் தடையாக நின்றது முக்கியமாக விலை. ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கு 10,000 டாலருக்கும் மேல். அதோடு வெட்கம், பயம், அரசுகளின் மெத்தனம்.

அந்தச் சுவரை உடைத்ததில் வக்கீல்களுக்குப் பங்கு உண்டு. மருத்துவர்களுக்கும், ஜெனரிக் மருந்து கம்பெனிகளுக்கும் பங்கு உண்டு. ஆனால் முதல் செங்கல்லைப் பெயர்த்தவர்கள் வேறு ஆட்கள். "எனக்கு எச்.ஐ.வி இருக்கு, எனக்கு மருந்து வேணும்" என்று ஊர் முன்னால் நின்று சொன்ன சாதாரண ஜனங்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் இளைஞர்கள். சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

அவர்களைப் பற்றியும், இன்று அப்படிப்பட்ட பிள்ளைகளிடம் நாம் என்ன கேட்கலாம், என்ன கேட்கக்கூடாது என்பதைப் பற்றியும்தான் இந்தப் பதிவு.

தென்னாப்பிரிக்காவுக்குப் போவோம். ஏன் அங்கே? உலகத்திலேயே அதிகமான எச்.ஐ.வி தொற்றாளர்கள் உள்ள நாடு அது. சிகிச்சைக்கான மிகப் பெரிய மக்கள் போராட்டமும் அங்கேதான் நடந்தது.

1998 டிசம்பர். டர்பன் பகுதியைச் சேர்ந்த குகு த்லாமினி என்ற பெண். வயது 36. எச்.ஐ.வி-யோடு வாழ்பவர்களுக்கான அமைப்பில் தன்னார்வலர். உலக எய்ட்ஸ் தினத்தையொட்டி, தனக்குத் தொற்று இருப்பதை வெளிப்படையாகச் சொன்னார்.

அந்த மாதமே, அவர் வசித்த பகுதியில் ஒரு கும்பல் அவரை அடித்துக் கொன்றது.

கதை சொல்வதற்கு அங்கே கொடுக்கப்பட்ட விலை அது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அதே டிசம்பர் 10-ம் தேதி கேப் டவுனில் டி.ஏ.சி என்ற இயக்கம் தொடங்கியது. "எல்லோருக்கும் சிகிச்சை" என்பதுதான் கோரிக்கை. தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஸாக்கி அக்மத். அவருக்கும் எச்.ஐ.வி இருந்தது. "அரசு மருத்துவமனையில் ஏழைக்குக் கிடைக்கும் வரை நானும் மருந்து எடுக்க மாட்டேன்" என்று அறிவித்தார். நெல்சன் மண்டேலாவே வீட்டுக்குப் போய் மருந்து சாப்பிடச் சொல்லிக் கேட்டும் மசியவில்லை. 2003-ல்தான் எடுக்க ஆரம்பித்தார்.

(ஒரு மருத்துவராக இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். தயவுசெய்து மாத்திரையை நிறுத்தாதீங்க!)

குகுவின் கொலைக்குப் பிறகு டி.ஏ.சி ஒரு காரியம் செய்தது. நெஞ்சில் பெரிய எழுத்தில் "எச்.ஐ.வி பாசிட்டிவ்" என்று அச்சடித்த ஒரு வெள்ளை டி-ஷர்ட்.

அதைத் தொற்று உள்ளவர்கள் மட்டும் போடவில்லை. தொற்று இல்லாதவர்களும் போட்டார்கள். நர்ஸ் போட்டார், டாக்டர் போட்டார், தொழிற்சங்கக்காரர் போட்டார். 2002-ல் மண்டேலாவே போட்டுக்கொண்டு நின்றார்.

இதில் உள்ள சூட்சுமம் புரியுதா? நூறு பேர் அந்தச் சட்டையோடு தெருவில் நடந்தால், யாருக்கு நிஜமாகவே தொற்று இருக்கு என்று கல்லெறிய வருபவனுக்குத் தெரியாது. கதை சொல்பவரைச் சுற்றி மற்றவர்கள் போட்ட வேலி அது.

அடுத்தது ஒரு சிறுவன். நகோசி ஜான்சன். பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்று. 1997-ல் ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு பள்ளி அவனைச் சேர்க்கத் தயங்கியபோது நாடே அவனைப் பற்றிப் பேசியது. 2000 ஜூலையில் டர்பனில் நடந்த உலக எய்ட்ஸ் மாநாட்டின் தொடக்க விழாவில், 11 வயதில், ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகள் முன்னால் மைக் பிடித்தான்.

அழுது இரக்கம் தேடிவிட்டுப் போகவில்லை அந்தப் பையன். கர்ப்பிணிகளுக்கு ஏ.இசட்.டி மருந்தை அரசு கொடுக்க வேண்டும், குழந்தைக்குத் தொற்று போகாமல் தடுக்க வேண்டும் என்று குறிப்பாகக் கேட்டான். எங்களைக் கண்டு பயப்படாதீர்கள், நாங்களும் உங்களைப் போன்ற மனிதர்கள்தான் என்றான்.

2001 ஜூன் 1-ம் தேதி இறந்துபோனான். வயது 12.

அவன் கேட்டது நடக்காத காரியமா? இல்லவே இல்லை. நெவிரபின் என்று ஒரு மருந்து. பிரசவ வலி வந்ததும் தாய்க்கு ஒரே ஒரு மாத்திரை. பிறந்த 3 நாளுக்குள் குழந்தைக்கு ஒரே ஒரு வேளை சொட்டு மருந்து. குழந்தைக்குத் தொற்று போவது ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்று உகாண்டாவில் நடந்த ஆய்வு 1999-லேயே காட்டிவிட்டது. தயாரித்த கம்பெனி 5 வருஷத்துக்கு இலவசமாகவே தருகிறேன் என்றும் சொன்னது.

ஆனால் அரசு, மாகாணத்துக்கு இரண்டு இடத்தில் மட்டும் கொடுத்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டது. அப்போதைய அதிபர் தாபோ எம்பெக்கிக்கு எச்.ஐ.வி-தான் எய்ட்ஸுக்குக் காரணமா என்பதிலேயே சந்தேகம். மருந்து இருந்தும் கொடுக்காத அந்தப் பிடிவாதத்தால் 2000 முதல் 2005 வரை 3,30,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் பின்னால் கணக்குப் போட்டார்கள்.

டி.ஏ.சி கோர்ட்டுக்குப் போனது. விஞ்ஞானத் தரவுகளோடு, மருந்து கிடைக்காத தாய்மார்களின் வாக்குமூலங்களும் பிரமாணப் பத்திரங்களாகப் போயின. 2002 ஜூலை 5-ம் தேதி அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னது: இந்தக் கட்டுப்பாடு செல்லாது, நெவிரபினை மற்ற அரசு மருத்துவமனைகளிலும் கொடுங்கள்.

இன்று அந்த நாட்டில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எச்.ஐ.வி மருந்து எடுக்கிறார்கள். உலகின் மிகப் பெரிய சிகிச்சைத் திட்டம் அது.

சரி, கண்ணீர்க் கதைகள் உலகத்தில் ஆயிரம் இருக்கே, இவை மட்டும் ஏன் ஜெயித்தன? என் பார்வையில் மூன்று காரணம்.

ஒன்று: ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு கோரிக்கை இருந்தது. எந்த மருந்து, யாருக்கு, யார் கொடுக்கணும் என்று தெளிவாக. "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு நாம் டீ குடிக்கப் போக முடியாதபடி பேசினார்கள்.

இரண்டு: கதை சொன்னவர்கள் பாடமும் படித்தார்கள். சி.டி.4 என்றால் என்ன, ரத்தத்தில் கிருமி அளவு என்றால் என்ன, எந்த மாத்திரைக்கு என்ன பக்கவிளைவு என்று வேலையில்லாத இளம் பெண்கள் கற்றுக்கொண்டு கிளினிக் வாசலில் மற்றவர்களுக்கு வகுப்பெடுத்தார்கள். அமைச்சரோடு விவாதம் செய்யும் அளவுக்குத் தேர்ந்தார்கள்.

மூன்று: யாரையும் தனியாக நிற்க விடவில்லை. அந்த டி-ஷர்ட்தான் சாட்சி.

இதில் நமக்கு ஒரு சொந்த பந்தமும் உண்டு. அவர்கள் கேட்ட மருந்தை மலிவாக்கியது நம் நாடு. 2005 வரை இந்தியச் சட்டத்தில் மருந்துப் பொருளுக்கு நேரடியாக காப்புரிமை கிடையாது, தயாரிப்பு முறைக்குத்தான். அதனால் நம் கம்பெனிகளால் அதே மருந்தை வேறு வழியில் தயாரிக்க முடிந்தது. 2001 பிப்ரவரியில் சிப்லாவின் யூசுப் ஹமீது, மூன்று மருந்தும் சேர்த்து வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்று அறிவித்தார். 10,000 எங்கே, 350 எங்கே! அந்த ஏப்ரலிலேயே, தென்னாப்பிரிக்க அரசின் மருந்துச் சட்டத்துக்கு எதிராக 39 மருந்து கம்பெனிகள் போட்டிருந்த வழக்கை வாபஸ் வாங்கின. உலகமே பார்த்துக்கொண்டிருந்ததால் வந்த வாபஸ் அது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். இந்தியாவின் முதல் எச்.ஐ.வி தொற்று உறுதியானது 1986-ல், நம்ம சென்னையில்தான். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். 2004-ல் இலவச மருந்து தொடங்கிய முதல் 8 மையங்களில் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று.

இன்று நாள் ஒன்றுக்கு ஒரே மாத்திரை. ஏ.ஆர்.டி மையங்களில் இலவசம். ஒழுங்காகச் சாப்பிட்டால் முழு ஆயுள் வாழலாம். பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமி குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது. இது நிரூபிக்கப்பட்ட விஞ்ஞானம். கல்யாணம் பண்ணலாம், தொற்றில்லாத குழந்தை பெறலாம்.

ஆனால் நாங்கள் பார்க்கும் பிள்ளைகளின் நிலை என்ன தெரியுமா?

பிறக்கும்போதே தொற்றோடு பிறந்து, இந்த மருந்தால் வளர்ந்து, இப்போது 20 வயதைத் தாண்டிய ஒரு தலைமுறை இருக்கிறது. காலேஜ் போறாங்க, வேலைக்குப் போறாங்க. ஹாஸ்டலில் மாத்திரை டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு, வைட்டமின் டப்பாவில் கொட்டி வைத்துச் சாப்பிடுறாங்க. ரூம்மேட் தூங்கின பிறகுதான் சிலர் மாத்திரையே எடுப்பாங்க. கிருமி அடங்கிப்போச்சு. பயம் அடங்கல.

ஒவ்வொரு டிசம்பர் 1-ம் தேதி நெருங்கும்போதும் யாராவது போன் பண்ணுவாங்க. "சார், எங்க நிகழ்ச்சியில பேச உங்க பேஷண்ட் யாராவது கிடைப்பாங்களா? சின்ன வயசா இருந்தா நல்லா ரீச் ஆகும்."

நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறாங்க. நான் திருப்பிக் கேட்பது நாலு கேள்வி.

வீடியோ எடுப்பீங்களா? யூடியூப்ல போடுவீங்களா?

நாளைக்கு அந்தப் பொண்ணு "எடுத்துடுங்க" என்றால் எடுப்பீங்களா?

வீட்டு ஓனர் காலி பண்ணச் சொன்னா கூட யார் நிப்பாங்க?

அவங்க பேசி முடிச்ச பிறகு நீங்க அரசிடம் என்ன கோரிக்கை வைக்கப் போறீங்க?

கடைசிக் கேள்விக்குப் பல நேரம் பதிலே வராது. "சும்மா, விழிப்புணர்வுக்குத்தான் சார்."

இங்கேதான் எனக்கு மாற்றுக் கருத்து. கோரிக்கை இல்லாத மேடைக்கு ஒரு பிள்ளையின் ரகசியம் தேவையில்லை. 1998-ல் வானொலியில் சொன்னது காற்றோடு போனது. அதற்கே ஒரு உயிர் போனது. இன்று சொல்வது போனில் தங்கும். பத்து வருஷம் கழித்து வரன் பார்க்கும்போதும் வரும், வேலை இன்டர்வியூவிலும் வரும்.

அப்படியென்றால் யாருமே பேசக்கூடாதா? அப்படிச் சொல்லல. தானாக முன்வந்து பேசும் இளைஞர்களை நான் தலைவணங்கி மதிக்கிறேன். அவர்கள் பேசவில்லையென்றால் மருந்தே வந்திருக்காது. 2022 ஜூலையில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகம் முன் ஒரு மாதத்துக்கும் மேல் உட்கார்ந்து போராடியது எச்.ஐ.வி-யோடு வாழ்பவர்கள்தான். முகத்தைக் காட்டித்தான் உட்கார்ந்தார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்ததும் ஆப்பிரிக்காவில் கிளினிக்குகள் மூடப்பட்டதைப் பார்த்தோம். கிடைத்த மருந்து எப்போதும் கிடைக்கும் என்று யாரும் நிம்மதியாக இருக்க முடியாது. குரல் தேவைப்பட்டுக்கொண்டேதான் இருக்கும்.

நான் சொல்வது இதுதான். பேசுவது அவர்கள் உரிமை. பேசச் சொல்லி இழுப்பது நம் உரிமை இல்லை. சட்டமும் அதையே சொல்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி, ஒருவரின் தொற்று நிலையை வெளியிடச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, நீதிமன்ற உத்தரவு இருந்தால் தவிர. வேலை, படிப்பு, சிகிச்சை, வாடகை வீடு எதிலும் பாகுபாடு காட்டக்கூடாது.

நாம் என்ன செய்யலாம்?

1. யாராவது தன் கதையைச் சொன்னால், "எப்படி வந்துச்சு?" என்று கேட்காதீங்க. "என்ன வேணும்?" என்று கேளுங்க.

2. அந்த வீடியோவை ஃபார்வர்ட் பண்ணும் முன், அவங்க வெச்ச கோரிக்கையும் அதில் இருக்கான்னு பாருங்க. கோரிக்கையை வெட்டிட்டு கண்ணீரை மட்டும் அனுப்பாதீங்க.

3. உங்கள் அலுவலகத்திலோ அபார்ட்மென்டிலோ ஒருவரைப் பற்றி இப்படிக் கிசுகிசு வந்தால், உங்களோடு நிற்கட்டும். அந்த டி-ஷர்ட்டை நீங்கள் மனதுக்குள் போட்டுக்கொள்ளும் நேரம் அது.

4. சந்தேகம் இருந்தால் நீங்களே பரிசோதித்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் இலவசம், ரகசியம் காக்கப்படும். கட்டணமில்லா உதவி எண் 1097.

மருந்து கிடைக்க வேண்டும் என்பதற்காக ஒரு தலைமுறை தன் ரகசியத்தை விலையாகக் கொடுத்தது. அடுத்த தலைமுறையிடமும் அதே விலையைக் கேட்டால் நாம் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

அவர்களில் ஒருவர் பேச முடிவெடுத்தால் பக்கத்தில் போய் நிற்போம். பேசாமல் மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போக விரும்பினால், வழிவிடுவோம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். மரியாதையும் ஒன்றாகவே இருக்கட்டும்.