வாட்ஸ்அப் பூட்டு: சாவி யார்கிட்ட இருக்கு?

ஆயக்குடி கொய்யா வியாபாரி ஒருவர், அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் திண்டுக்கல் பூட்டுகளைத் திறந்தபடியே எல்லோருக்கும் கொடுத்துவைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். யார் வேண்டுமானாலும் விலையை எழுதிப் பெட்டியில் போட்டு, பூட்டி அனுப்பலாம். திறக்கும் சாவி அவரிடம் மட்டும்தான். அந்தப் பூட்டுதான் ‘பொதுச் சாவி’. ‘தனிச் சாவி’ உங்க போனுக்குள்ளேயே இருக்கும். பெட்டியைச் சுமக்கும் வாட்ஸ்அப்பாலும் திறக்க முடியாது.

சிக்கலே இதில்தான். கடுங்குற்ற வழக்குகளில், செய்தியை முதலில் அனுப்பியவர் யாருன்னு சொல்லணும் என்கிறது மத்திய அரசின் 2021 ஐ.டி. விதி. உள்ளே இருப்பதைக் காட்ட வேண்டாம், ஆளைச் சொன்னால் போதுமாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கு. ஆனால், எந்தப் பெட்டியைக் கேட்பார்கள் என்று முன்கூட்டியே தெரியாதே! அதனால் எல்லோருடைய பெட்டியையும் கண்காணிக்க வேண்டிவரும் என்பது வாட்ஸ்அப் வாதம். பூட்டை உடைக்கச் சொன்னால் இந்தியாவைவிட்டே போய்விடுவோம் என 2024 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அது சொன்னது.