திருக்கடையூர் போகும் வழியில்



அமெரிக்காவில் வீடு வாங்கப் போகும் நம் பிள்ளை ஒருவருக்குப் போன வாரம் உறவினர் குழுவில் நிறைய யோசனை சொன்னீர்கள். பள்ளிக்கூடம் பக்கமா, கோயில் பக்கமா என்று கேட்டதெல்லாம் சரி. "கறுப்பர்கள் இருக்கிற ஏரியா மட்டும் வேண்டாம்" என்று ஒருவர் எழுத, பதினோரு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தீர்கள். அதில் என்னிடம் படித்தவர்களும் உண்டு. குழுவில் சண்டை வேண்டாம் என்று இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், வாத்தியார் பழக்கம்.

அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போகாத குடும்பம் நம்மில் இல்லை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் தில்லையாடி, வள்ளியம்மையின் பூர்வீக ஊர். எதற்காக அந்தப் பெண் ஜெயிலுக்குப் போனாள் என்று கேட்டால் பலரும் "சுதந்திரத்துக்காக" என்பார்கள். தென்னாப்பிரிக்காவில் பிறந்த அவளுக்குப் பிரச்சினை வேறு.

1913 மார்ச்சில் அங்கே கேப் மாகாண நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அதன்படி நம்மவர்கள் தங்கள் சமய முறையில் செய்துகொண்ட கல்யாணம் சட்டப்படி கல்யாணமே இல்லை. தாலி கட்டிப் பிள்ளை பெற்றவர்கள் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் வைப்பாட்டிகள் ஆனார்கள். இதற்கு மேல் நேட்டாலில் ஒரு தலைவரி. ஒப்பந்தக் கூலி காலம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறுபடி ஒப்பந்தத்துக்கும் போகாமல் இருந்தால் வருஷத்துக்கு 3 பவுன் கட்ட வேண்டும். 16 வயதுப் பையனுக்கும் 13 வயதுப் பெண்ணுக்கும் கூட இந்த வரி உண்டு. கரும்புத் தோட்டத்தில் மாதக் கூலி 10 ஷில்லிங்கில் ஆரம்பித்து ஐந்தாம் வருஷம் 14 ஷில்லிங். பவுனுக்கு 20 ஷில்லிங். நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், என் வகுப்பில் வட்டிக் கணக்குப் போட்டவர்கள்தானே!

இதை எதிர்த்துத்தான் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெண்கள் அனுமதியில்லாமல் எல்லை தாண்டிச் சிறை புகுந்தார்கள். வள்ளியம்மைக்கு மூன்று மாதக் கடுங்காவல். மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சல் கண்டு, வெளியே வந்த சில நாளில், 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தாள். வயது 16. அதே வருஷம் தலைவரி ஒழிந்தது, கல்யாணமும் செல்லுபடியாயிற்று.

ஆனால் அது இந்தியர்களுக்கான போராட்டம். அதே 1913இல் வந்த நிலச் சட்டம், அந்த மண்ணின் சொந்தக்காரர்களான கறுப்பின மக்களை ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு நிலத்துக்குள் அடைத்தது. அந்தப் பங்குக்கு வெளியே அவர்கள் நிலம் வாங்கக் கூடாது. ஒரு குழி நிலத்துக்காக அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போகிற நமக்கு இதன் வலி தெரியாமல் போகாது.

இப்போது அமெரிக்காவுக்கு வருகிறேன். 1923இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபி 'வெள்ளையர் அல்ல' என்று சொல்லிக் குடியுரிமையை மறுத்தது. 1946இல் கதவு திறந்தபோதும் இந்தியாவுக்கு வருஷத்துக்கு 100 பேர்தான். நம் ஊர் டவுன் பஸ்ஸில் காலையில் ஏறுகிற கூட்டம்! 1965 சட்டம்தான் அந்தப் பழைய கணக்கை மாற்றியது. முந்தைய வருஷம்தான் கறுப்பின மக்கள் அடியும் உதையும் பட்டு, சிவில் உரிமைச் சட்டத்தை வாங்கியிருந்தார்கள். பிறந்த நாட்டைப் பார்த்து ஆளைத் தள்ளுவது தப்பு என்ற பேச்சு அங்கே எடுபட்டதே அவர்கள் போராட்டத்தால்தான். நம் பிள்ளைகள் விசா வாங்கிப் போனது அந்த வழியில். யாருடைய தெரு வேண்டாம் என்கிறோம், பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். நாகப்பட்டினத்தில் மலாயாவுக்குக் கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத ஏழைகள். பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் கொடுத்த ஜில்லா நம்முடையது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு எரித்தது வெள்ளைக்காரன் இல்லை. கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் கேட்டதில் வந்த பகை அது. 'அந்தத் தெரு வேண்டாம்' என்ற பேச்சை நாம் கப்பலில் இறக்குமதி செய்யவில்லை.

அடுத்த முறை திருக்கடையூர் வருகிறவர்கள் தில்லையாடிக்கும் காரைத் திருப்பச் சொல்லுங்கள். நினைவு மண்டபம் இருக்கிறது.

வீடு பார்க்கும் தம்பிக்கு: மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் நிற்குமா என்று விசாரித்துக்கொள். பக்கத்து வீட்டுக்காரரையே கேள், அவர் எந்த நிறமாக இருந்தாலும்.