எல்லைக் கடிதம்: இரண்டு ஏடுகள், ஒரே செய்தி



சென்ற திங்கள் இப்பகுதிக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் நம் வேலந்தாவளத்து அன்பர். அமெரிக்காவில் குடியேறி ஆண்டுகள் பல ஆயின. "இங்கே எங்கள் அண்டை வீட்டில் தந்தை ஒரு தொலைக்காட்சியும் மகன் வேறொரு தொலைக்காட்சியும் பார்க்கின்றனர். இருவரும் ஒரே நாட்டின் செய்தியைத்தான் கேட்கின்றனரா என்று ஐயமாக இருக்கிறது. தேர்தல் நெருங்கினால் ஒருவரோடொருவர் பேசுவதையே நிறுத்திவிடுகின்றனர். நம் ஊரில் இந்நோய் இல்லையே?" என்று அவர் கேட்டிருந்தார்.

இல்லை என்று எழுதக் கை துணியவில்லை. ஆகவே விடை கூறுமுன், அன்பர் மறந்திருக்க மாட்டாத நம் ஊர்த் தேநீர்க்கடையில் சிறிது நேரம் அமர்வோம்.

கோவைப் பக்கத்துச் சாலைகள் கேரளத்துள் நுழையும் வாயில்களுள் வேலந்தாவளமும் ஒன்று. 2017 ஜூலை 1-இல் சரக்கு மற்றும் சேவை வரி வரும்வரை, வரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசை பிடித்து நின்ற ஊர். ஆட்சி கேரளத்தினது, வீட்டு மொழி தமிழ். தேநீர்க்கடைப் பலகையில் விடியற்காலையில் இரண்டு ஏடுகள் வந்து விழும்; ஒன்று தமிழ், மற்றொன்று மலையாளம். தமிழ் ஏடு சிறிது நேரத்தில் பக்கம் பக்கமாகப் பிரிந்து கடை முழுதும் சுற்றி வரும். மலையாள ஏட்டை வேறு சிலர் வேறொரு மூலையில் வைத்துப் படிப்பர். இரண்டையும் படிப்பவரை எண்ணினால் ஒரு கை விரல்களே மிஞ்சும்.

கட்சிக்கென்று ஏடு நடத்துவது நமக்குப் புதிய வழக்கமன்று. கலைஞர் கருணாநிதி 1942-இல் தொடங்கிய முரசொலி, பின்னாளில் தி.மு. கழகத்தின் குரலாயிற்று. அதே 1942-இல் தோன்றிய தேசாபிமானி கேரளத்துக் கம்யூனிஸ்டுகளின் ஏடு. சந்திரிகா முஸ்லிம் லீகினுடையது, வீக்ஷணம் காங்கிரசினுடையது. இவற்றை நாம் குறை கூறோம். நெற்றியில் திருநீறோ நாமமோ துலங்க வருபவரை இன்னார் என்று தூரத்திலேயே அறிந்துகொள்கிறோம் அன்றோ? அதுபோல இவ்வேடுகளைக் கையில் எடுக்கும்போதே படிப்பவன் தன் மனத்தராசைச் சரி செய்துகொள்கிறான்.

தொலைக்காட்சி வந்தபின் இந்த அடையாளம் மங்கிற்று. 1993-இல் சன், 1999-இல் ஜெயா, 2000-இல் கைரளி, 2007-இல் ஜெய்ஹிந்த் என ஒளிபரப்புகள் பெருகின. பாட்டும் கூத்தும் தொடர்கதையும் காட்டி வீட்டிற்குள் வந்தவை, நடுவே செய்தியையும் சொல்லின. விருந்தாளி சொல்லும் செய்தியை யார் தராசில் நிறுப்பார்?

இதன் விளைவு எத்துணைக் கொடியதாகலாம் என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். 2007 மே திங்களில் தினகரன் ஏடு, கலைஞருக்குப் பின் கட்சியில் யார் என்ற வினாவுக்கு மக்கள் தந்த விடையென ஒரு கருத்துக் கணிப்பை வெளியிட்டது. மே 9-ஆம் நாள் மதுரையில் அவ்வேட்டின் அலுவலகம் தாக்கப்பட்டுத் தீக்கிரையாயிற்று. அங்கே பணியாற்றிய மூவர் மாண்டனர். அதுவரை நெருங்கியிருந்த கட்சித் தலைமைக்கும் சன் குழுமத்திற்கும் இடையே உறவு முறிந்தது. செப்டம்பர் 15-இல் கலைஞர் தொலைக்காட்சி பிறந்தது. 2008 டிசம்பரில் இரு குடும்பங்களும் மீண்டும் கூடின. மாண்ட மூவரின் வழக்கிலோ, 2009-இல் கீழ் நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. 2019-இல்தான் உயர்நீதிமன்றம் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஊடக முதலாளிகளும் கட்சித் தலைவர்களும் கூடுவதும் பிரிவதும் அவர்தம் வீட்டுக் காரியம். அதற்கேற்பச் செய்தியின் நிறமும் மாறுமாயின், நேற்று நாம் நம்பியது யாருடைய செய்தி?

ஆயினும் கட்சி ஊடகங்களில் ஓர் ஆறுதல் உண்டு. கைரளி மறைப்பதை ஜெய்ஹிந்த் சொல்லிவிடும். கலைஞர் மறைப்பதை ஜெயா சொல்லிவிடும். இரண்டையும் கேட்பவன் ஒருவாறு உண்மையை ஊகித்துக்கொள்வான். அஞ்ச வேண்டியது, ஒரு மொழியில் வரும் ஏடுகள் அனைத்தும் ஒரே பக்கம் சாயும் நாளைத்தான். அன்று மறுத்துரைக்க ஒருவரும் இரார். எல்லையில் வாழும் நாம் அத்தகைய ஒரு நாளைக் கண்டோம். அது 2011 டிசம்பர்.

முல்லைப் பெரியாறு அணையின் வரலாற்றை வாசகர்கள் அறிவர். 1886-இல் திருவிதாங்கூரும் சென்னை அரசும் 999 ஆண்டுகளுக்குச் செய்த குத்தகை. 1895-இல் முடிந்த அணை. கிழக்கே திரும்பித் தேனி, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் நிலங்களுக்குப் பாயும் நீர். 1979-இல் அணையின் உறுதி பற்றி அச்சம் எழுந்து, நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பின்னர் அணை வலுப்படுத்தப்பட்டது. 2006 பிப்ரவரி 27-இல் 142 அடி வரை தேக்கலாமென உச்ச நீதிமன்றம் கூறியது. அதைத் தடுக்கக் கேரளம் சட்டம் இயற்றிற்று. வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, 2011-இல் இடுக்கி மலைகளில் சிறு நில நடுக்கங்கள் உண்டாயின. நவம்பர் இறுதியில் அணை உடைவதைக் கதையாகக் கொண்ட திரைப்படம் ஒன்று வந்தது. தமிழ்நாடு அதைத் தடை செய்தது. எல்லை கொதித்தது.

அந்நாட்களில் தேநீர்க்கடையின் இரு ஏடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தவர் திகைத்திருப்பர். மலையாள ஏட்டில் அணைக்குக் கீழே வாழும் இலட்சக்கணக்கான மக்களின் அச்சம் பக்கம் பக்கமாக இருந்தது. கம்பி வடம் பாய்ச்சியும் கான்கிரீட் அணைப்புக் கட்டியும் அணையை வலுப்படுத்திய செய்தியைத் தேடத்தான் வேண்டும். தமிழ் ஏட்டில் அணையின் உறுதி பெரிய எழுத்தில் இருந்தது. இரவில் உறங்காத வண்டிப் பெரியாற்றுத் தாய்மாரின் அச்சத்திற்கு அங்கே இடம் அரிது. அணை உடைந்தாலும் கீழே உள்ள இடுக்கி அணை நீரைத் தாங்கும் என்று கேரள அரசின் தலைமை வழக்கறிஞரே உயர்நீதிமன்றத்தில் கூறியபோது, அங்கே அவரைப் பதவியிலிருந்து நீக்கும்படி குரல் எழுந்தது; இங்கே அதே சொல் வெற்றி முழக்கமாயிற்று. அவர் கூறியது சரியா தவறா என்று அமைதியாக ஆராய்ந்தவர் சிலரே. நாள்தோறும் சண்டையிடும் கட்சிகள் அங்கும் ஒன்றாயின, இங்கும் ஒன்றாயின. இரு சட்டமன்றங்களும் தத்தம் தீர்மானத்தை நிறைவேற்றின. இரு ஏடுகளும் சொன்னவற்றில் பொய் குறைவு. சொல்லாமல் விட்டவற்றால்தான் தீங்கு விளைந்தது.

அத்தீங்கில் நமக்கும் பங்குண்டு என்பதை இன்று ஒளியாமல் எழுதுகிறோம்.

நம் அத்தை அப்போது இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டமொன்றில் கூலி வேலை பார்த்துவந்தார். கணவரும் பள்ளி செல்லும் ஒரு மகனும் உடனிருந்தனர். நாம் மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வே வேலைக்காகத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தோம். பாட்டனாருக்குக் கண்ணில் புரை. நாள்தோறும் தமிழ் ஏட்டைப் படித்துக் காட்டுவது நம் கடமை. அன்று முதற்பக்கத்தில் தோட்டத் தமிழர் தாக்கப்பட்ட செய்தி இருந்தது. அது பொய்யன்று. சில இடங்களில் தமிழர் தாக்கப்பட்டதும் உண்மை. தமிழ்நாட்டில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டதும் உண்மை. முதற்பக்கத்தை உரக்கப் படித்தோம். அதே ஏட்டின் உட்பக்கத்தில், தோட்டப் பகுதிகளுக்குக் காவலர் அனுப்பப்பட்டுள்ளனர் என்று நான்கு வரிச் செய்தியும் இருந்தது. அதைக் கண்டோம், படிக்கவில்லை. சினத்தோடு கேட்டுக்கொண்டிருந்தவர் முன்னே அது சப்பென்றிருந்தது.

பாட்டனார் உடனே தொலைபேசியில் மகளை அழைத்து, "இருப்பதை விட்டுவிட்டுக் கிளம்பி வா" என்றார். அத்தை குடும்பத்தோடு இரவில் காட்டுவழியே கம்பம் பக்கம் இறங்கினார். இருளில் கால் இடறிக் கணுக்கால் எலும்பு முறிந்தது. பையன் அரையாண்டுத் தேர்வு எழுதவில்லை. ஒன்றரை மாதக் கூலி போயிற்று.

பொங்கலுக்குப் பின் அவர்கள் திரும்பிச் சென்றபோது, விட்டுவந்த பசு கொழுகொழுவென்று நின்றதாம். அண்டை வீட்டு மலையாளச் சேச்சி நாள் தவறாமல் தீனி வைத்துப் பால் கறந்து, பால் விற்ற காசையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். "உங்களைத் தொட விட்டிருப்போமா? என் மக்கள் இருவரும் இரவெல்லாம் லயத்து வாசலிலேதான் நின்றார்கள்" என்று அவர் வருந்தினாராம். இச்செய்தி எந்த மொழி ஏட்டிலும் வரவில்லை.

அடுத்த விடுமுறைக்கு வந்த அத்தையிடம் நாம் அந்த நான்கு வரிகளைப் பற்றிச் சொன்னோம். அவர் சினக்கவில்லை. "அன்னிக்குப் பேப்பருல இருந்தது பூராத்தையும் படிச்சிருக்கலாமல்ல கண்ணு?" என்று மட்டும் கேட்டார். அன்று காலை அந்த வீட்டில் பக்கம் சார்ந்த பத்திரிகை நாமே. அத்தை இன்றும் மழை நாளில் சற்றே சாய்ந்துதான் நடக்கிறார்.

இனி அன்பரின் அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே வானொலியும் தொலைக்காட்சியும் வழக்குக்குரிய பொருள்களில் மாறுபட்ட கருத்துகளையும் எடுத்துரைக்க வேண்டும் என்ற விதி 1949 முதல் இருந்தது; 1987-இல் அது கைவிடப்பட்டது. 1996-இல் ஃபாக்ஸ் செய்தித் தொலைக்காட்சியும் எம்.எஸ்.என்.பி.சி.யும் தோன்றின, நாளடைவில் முன்னது வலப்பக்கத்தார்க்கும் பின்னது இடப்பக்கத்தார்க்கும் உரியதாயிற்று. நமக்கு இரு மொழிகளால் நேர்ந்தது, ஒரே மொழி பேசும் அந்நாட்டினருக்கு இரு தொலைக்காட்சிகளால் நேர்ந்திருக்கிறது. ஒருவன் ஏட்டை மற்றவன் தொடுவதில்லை. தந்தையும் மகனும் பேசாதிருப்பதில் வியப்பென்ன?

ஆனால் "இரு பக்கமும் ஒன்றே" என்று கூறி நழுவிவிடலாகாது. 2020 தேர்தலில் தோற்றவர் வாக்குகள் திருடப்பட்டன என்றார். அறுபதுக்கு மேற்பட்ட வழக்குகள் தொடரப்பட்டன. முடிவை மாற்றும் தீர்ப்பு ஒன்றும் வரவில்லை. 2021 ஜனவரி 6-இல் அந்நாட்டுப் பாராளுமன்றக் கட்டடமே தாக்கப்பட்டது. வாக்குப் பொறி செய்யும் நிறுவனம் ஒன்றைப் பற்றி அவதூறு பரப்பியதாக வந்த வழக்கில், ஃபாக்ஸ் நிறுவனம் 2023 ஏப்ரலில் 78 கோடியே 75 இலட்சம் டாலர் தந்து சமரசம் செய்துகொண்டது. திரையில் அக்குற்றச்சாட்டுக்கு இடங்கொடுத்த சிலர், தனிப்பட்ட செய்திகளில் அதைத் தாமே நம்பவில்லை என்பதும் அவ்வழக்கில் வெளிப்பட்டது.

மறுபக்கத்தார் பிழையே செய்யாதவரா? தாராளக் கொள்கையினரின் ஏடெனப் பெயர்பெற்ற நியூயார்க் டைம்ஸ், ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக வந்த கூற்றுகளைத் தக்க ஆராய்ச்சியின்றி வெளியிட்டது; போரும் நடந்தது. ஆனால் 2004 மே 26-இல், தன் குறையைத் தானே தன் பக்கத்தில் ஒப்புக்கொண்டது. போரில் மாண்டவரை அது மீட்கவில்லை என்பது மெய்யே. ஆயினும் தவற்றைத் தானே எழுதும் ஏட்டிற்கும், நீதிமன்றம் இழுத்து வரும்வரை சாதிக்கும் ஏட்டிற்கும் வேற்றுமை உண்டு. கடைக்காரர் இருவரும் ஒருநாள் எடை குறைத்தனர் என்பதற்காக, திரும்ப அழைத்து மிச்சத்தைக் கொடுத்தவரையும் கொடாதவரையும் ஒன்றாக வைக்கலாமா?

நாம் ரயில்வேயில் கோப்பு எழுதுபவர். வண்டி ஓட்டுபவர் அல்லர். ஆயினும் ஒன்றை அறிவோம். அடுத்த நிலையம் 'லைன் கிளியர்' தந்தாலன்றி வண்டி புறப்படலாகாது. தந்த நேரமும் பரிமாறிக்கொண்ட பிரைவேட் நம்பரும் இரு நிலையத்துப் பதிவேடுகளிலும் ஏறவேண்டும். ஏதேனும் விபரீதம் நேர்ந்தால், விசாரணை அதிகாரி இரண்டு பதிவேடுகளையும் அருகருகே விரித்துப் பார்ப்பார். ஒரு நிலையத்துப் பதிவேட்டை மட்டும் கொண்டு எவர் மீதும் குற்றம் சாட்டும் வழக்கம் இல்லை. வண்டிக்கு உள்ள இந்த ஒழுங்கு, மக்கள் மனத்தைச் சுமந்து செல்லும் செய்திக்கு வேண்டாமா?

இந்த வேலைக்கு எல்லைத் தமிழரைவிடத் தகுதியானவர் யார்? நம் பிள்ளைகளுக்கு இரு மொழிகளும் வரும். கோடைதோறும் ஆழியாற்று நீர் பற்றி இரு பக்கமும் கூச்சல் எழும்போது, 1970 மே 29-இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி சித்தூர் வட்டத்துப் பாசனத்திற்கு மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. உரியது என்ற கணக்கை முதலில் கேட்போம். வந்தது எவ்வளவு என்பதைப் பின்னர் கேட்போம். ஆத்திரப்படுவது அதன் பிறகு ஆகட்டும்.

முல்லைப் பெரியாற்று வழக்கில் 2014 மே 7-இல் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அணை உறுதியானதென்று கண்டு 142 அடியை அனுமதித்த அதே தீர்ப்பு, கேரளத்தாரின் அச்சத்தையும் கருதி மேற்பார்வைக் குழு ஒன்றையும் அமைக்கச் சொன்னது. இரு ஏடுகளும் ஆளுக்குப் பாதியாகச் சொன்னதை, நீதிமன்றம் ஒரே தீர்ப்பில் எழுதிற்று.

பாட்டனார் இன்று இல்லை. அத்தையின் கால் முறிந்த செய்தி வந்த நாள் முதல், அவர் மறையும் வரை, இரு ஏடுகளையும் படித்துக் காட்டச் சொன்னார். மலையாளத்தை நாம் தட்டுத்தடுமாறி மொழிபெயர்ப்போம். முடிந்ததும், "உட்பக்கத்துச் சின்னச் செய்தி ஏதாச்சும் விட்டுப்போச்சா?" என்று கேட்பார்.

அமெரிக்க அன்பருக்கும் இதையே விடையாக எழுதுகிறோம். தந்தையையும் மகனையும் ஒரே கருத்தினராக்க உம்மால் ஆகாது, ஆகவும் வேண்டுவதில்லை. வாரத்தில் ஒரு மாலை அவர் தொலைக்காட்சியை இவரும் இவர் தொலைக்காட்சியை அவரும் பார்த்து, எது விட்டுப்போயிற்று என்று மட்டும் பேசிக்கொள்ளச் சொல்லும். உணவு வேளையில் அவ்வளவு பேச்சு மீண்டாலே போதும்.

அடுத்த திங்கள் சந்திப்போம்.