திங்கள் முதல் வெள்ளி வரை விளையாட்டே கிடையாதுங்களா?

ஏனுங்க, கோவிச்சுக்காமக் கேளுங்க. சரவணம்பட்டியில் பிள்ளை வளர்க்கிற அப்பா அம்மா எல்லோருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இதே ஊரில், இதே சத்தி ரோட்டுத் தூசியில் பிள்ளை வளர்க்கிறவள் என்ற உரிமையில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன்.

நம் பிள்ளைகளின் வாரத்தை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். காலை ஏழரைக்குள் பள்ளி வேன். நாலரைக்கு வந்ததும் ஷூவைக் கழற்றக்கூட நேரமில்லாமல் ஹிந்தி டியூஷன். அது முடிந்தால் அபாகஸ், இல்லாவிட்டால் கீபோர்டு. பிறகு வீட்டுப்பாடம், சாப்பாடு, படுக்கை. ஐந்து நாள் இப்படிக் கயிற்றில் கட்டிவைத்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் ஆனதும் நமக்குப் பாசம் பொங்கிக்கொண்டு வருகிறது. காரை எடுத்து, சிக்னலில் ஊர்ந்து, மாலில் பார்க்கிங் தேடி, கேம் சோன் கார்டில் பணம் ஏற்றி, ஃபுட் கோர்ட்டில் மேசைக்குக் காத்து நின்று, தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு லிஃப்ட் ஏறுகிறோம். மறுநாள் வீடு முழுக்க அசதி. கேட்டால், பிள்ளைக்குப் பொழுதுபோக்குக் காட்டினோமாம்.

மாலின் மேல் எனக்கு ஒன்றும் கோபமில்லை. 2017ல் புரோசோன் திறந்தபோது, சினிமாவுக்குக் காந்திபுரம் ஓட வேண்டியதில்லை என்று நாம் எல்லோருமே சந்தோஷப்பட்டோம். மாதம் ஒரு தரம் போனால் போகட்டும். வாரம் தவறாமல் போவதுதான் பிள்ளைக்குச் செய்கிற கடமை என்று ஆக்கிக்கொண்டோமே, அதைத்தான் சொல்கிறேன்.

மாலை விட்டால் மலை. சேர்ந்தாற்போல மூன்று நாள் லீவு கிடைத்தால் மேட்டுப்பாளையம் ரோட்டில் நம் வண்டிகள்தான். நிலைமை முற்றி, சென்னை உயர் நீதிமன்றமே தலையிட்டு 2024 மே மாதம் ஊட்டிக்கு இ-பாஸ் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டுக் கோடைக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று எண்ணி விடச் சொன்னது. நம் பொழுதுபோக்கை நீதிபதிகள் கணக்குப் பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டோம்.

ஐந்து வயதிலிருந்து பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. வாரத்துக்கு ஏழு மணி நேரம். கேம் சோன் பைக்கின் மேல் உட்கார்ந்து ஹேண்டிலைத் திருப்புவது அதில் சேராது.

"விளையாட இடம் எங்கீங்க இருக்கு?" என்று கேட்பீர்கள். இருக்கிற இடத்தில் என்ன செய்து வைத்திருக்கிறோம்? எத்தனையோ அடுக்ககங்களில் கீழ்த்தளத்துத் தூணில் ஒரு போர்டு தொங்குகிறது: "இங்கே பந்து விளையாடக் கூடாது. மீறினால் அபராதம்." எழுதி மாட்டியது அரசாங்கம் இல்லை, அசோசியேஷன். அசோசியேஷன் யாருங்க? நாம்தான். புது காரில் கீறல் விழுந்துவிடுமாம். பிள்ளை பந்தை எடுத்துக்கொண்டு மேலே வந்து செல்போனைக் கையில் எடுத்தால், "எப்பப் பார்த்தாலும் போனு" என்று அதையும் திட்டுவது நாமேதான்.

இன்னொரு இடமும் இருக்கிறது. சரவணம்பட்டி 2011ல் கோவை மாநகராட்சியோடு சேர்வதற்கு முன்பு பேரூராட்சியாக இருந்தது. தோட்டம் துரவெல்லாம் மனைகளானது அப்போதும் நடந்தது, இப்போதும் நடக்கிறது. பெரிய மனைப்பிரிவு என்றால் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது இடமாக ஒதுக்க வேண்டும் என்பது விதி. நம் ஊரில் இதை ரிசர்வ் சைட் என்பார்கள். சில இடங்களில் அது நல்ல பூங்கா. சில இடங்களில் இருக்கை இல்லாத ஊஞ்சலும் துருப்பிடித்த சறுக்கும் நிற்கின்றன. சில இடங்களில் சீமைக்கருவேலமும் கட்டட இடிபாடும். சில இடங்களில் யாரோ ஒருவரின் வேலி. வங்கிக் கடனுக்காக மனைப்பிரிவு வரைபடத்தை நகல் எடுத்துக் கொடுத்தோமே, அதில் ரிசர்வ் சைட் எந்த மூலையில் இருக்கிறது என்று ஒரு நாளாவது பார்த்தோமா? தண்ணீர் வராவிட்டால் கவுன்சிலர் வீட்டு வாசலில் நிற்கத் தெரிந்த நமக்கு, இதற்காக ஒரு மனு எழுத நேரமில்லை.

காசில்லாத பொழுதுபோக்கு வார நாளில் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் கோவில்பாளையம், அன்னூர்ப் பக்கம் ராத்திரி எட்டு மணி சுமாருக்கு ஒரு சுற்றுப் போய் வாருங்கள். ஏதாவது ஒரு கோயில் மைதானத்தில் வள்ளி கும்மிப் பயிற்சி நடந்துகொண்டிருக்கும். வள்ளி முருகன் கல்யாணக் கதையை வாத்தியார் பாடப் பாட, வட்டமாக நின்று அடி எடுத்து வைத்துக் கை தட்டி ஆடுவார்கள். பல இடங்களில் கட்டணமே கிடையாது. ஐ.டி. கம்பெனிப் பெண், அவள் மாமியார், நாலாம் வகுப்புப் பையன் எல்லோரும் ஒரே வட்டத்தில். வட்டத்தின் கடைசியில் ஒரு குட்டிப் பெண், முன்னால் ஆடும் அம்மிச்சியின் காலையே பார்த்துப் பார்த்துத் தப்புத் தப்பாக அடி போடும். அம்மிச்சி திரும்பி, "எடது காலு சாமி, எடது காலு" என்பார். இரண்டு வாரத்தில் அந்தக் குட்டி மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிடும். அப்புறம் அரங்கேற்றம், ஒரே நிறத்தில் சேலை, ஊர் முழுக்கக் கூட்டம். மேட்டுப்பாளையம் பக்கத்துத் தேக்கம்பட்டி பத்ரப்பன் அய்யாவுக்கு 2024ல் பத்மஸ்ரீ கொடுத்தார்களே, இந்தக் கும்மிக்காகத்தான். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் அவர். மாதக் கட்டணம் கட்டி ஜூம்பாவுக்கு அனுப்புகிறோம். இது மட்டும் கண்ணில் படுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கும் வழி உண்டு. பக்கத்திலேயே சின்னவேடம்பட்டி ஏரி. பல வருஷமாக வறண்டு கிடந்ததைத் தன்னார்வலர்கள் விடாமல் புதர் வெட்டிச் சீர்செய்து வந்திருக்கிறார்கள். காலையில் பிள்ளையோடு கரையில் நடங்கள். ஒரு மண்வெட்டியையும் கையில் கொடுத்துப் பாருங்கள், வீட்டுக்குக் கூப்பிட்டால் வராது.

பயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. நாய் இருக்கிறது, வண்டி இருக்கிறது. அமெரிக்காவோடு போன் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும் அப்பாவால் சாயங்காலம் கீழே வர முடியாதுதான். ஆனால் தளத்துக்கு நாலு வீடு. ஆளுக்கு ஒரு நாள் முறை போட்டு ஒருவர் கீழே உட்கார்ந்தால் போதாதா? கோபியிலிருந்தும் காங்கேயத்திலிருந்தும் கூட்டிவந்து பதினோராவது மாடியில் சீரியலுக்கு முன் உட்கார வைத்திருக்கிறோமே, அந்த அப்பாருவையும் அப்பத்தாவையும் கேட்டுப் பாருங்கள். செருப்பை மாட்டிக்கொண்டு நமக்கு முன்னால் இறங்குவார்கள்.

ஒரு வகுப்பை நிறுத்துங்கள். எதை என்று பிள்ளையைக் கேளுங்கள், யோசிக்காமல் சொல்லிவிடும். அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் லிஃப்ட்டுக்கு எந்த நிறம் அடிப்பது என்று பேசத் தொடங்குவதற்கு முன், தூணில் தொங்கும் போர்டைக் கழற்றலாமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கூடவே மனைப்பிரிவு வரைபடத்தின் நகல் ஒன்றையும் கொண்டுவாருங்கள். மாநகராட்சி வடக்கு மண்டல அலுவலகத்துக்கு மனுவை நான் எழுதி வைக்கிறேன். கையெழுத்துப் போட நீங்கள் வந்தால் போதும்.