ஜீப்புக்கு ரப்பர் மாட்டிய கதை

எங்க மாரமங்கலத்தில் மழை பெய்தால் பாதை முழுக்கச் செஞ்சேறுதான். காப்பித் தோட்டத்து வேலைக்கென்று இவர் வாங்கிய பழைய பொலிரோவில், சக்கரத்துக்குப் பின்னால் தொங்குகிற ரப்பர், அதுதான் மட் ஃப்ளாப், நான்கில் மூன்று கிழிந்து போயிருந்தது. "அது இல்லாட்டி வண்டி ஓடாதா?" என்பார் இவர். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

சென்ற வருஷம் காலாண்டுப் பரீட்சை அன்று காலையில், நடந்து போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணைத் தாண்டிப் போனோம். திரும்பிப் பார்க்கிறேன், குழந்தையின் சட்டையெல்லாம் சேறு! ஒரு சின்னக் கல் வேறு தெறித்துக் கன்னத்தில் கீறியிருந்தது. விரற்கடை மேலே பட்டிருந்தால் கண். வீட்டுக்குக் கூட்டி வந்து, காயத்தைக் கழுவி, என் பெண்ணின் பழைய யூனிபாரத்தை மாட்டி அனுப்பினேன். அவள் அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கூடத் தேவலை. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சேலத்துக்குப் போனபோது ஒரு செட் ரப்பரும், துருப்பிடிக்காத போல்ட்டு, வாஷரும் வாங்கி வந்தேன். லீவில் வந்திருந்த பையனைத் துணைக்கு வைத்துக்கொண்டு நானே உட்கார்ந்துவிட்டேன். சகோதரிகளே, சிரிக்காதீர்கள். தையல் மெஷினைக் கழற்றி மாட்டத் தெரிந்தவளுக்கு இது பெரிய வித்தை இல்லை.

சமதரையில் நிறுத்தி, ஹாண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வைத்தோம். ஜாக்கி போடவே வேண்டியிருக்கவில்லை. முன்பக்கம் இடது ரப்பர் மாட்ட ஸ்டியரிங்கை முழுக்க இடது பக்கம் ஒடித்துவிட்டால் கை நுழைய இடம் கிடைக்கிறது. வலதுக்கு வலது பக்கம். பழைய ஓட்டைகளே போதும். புதிதாகத் துளை போட்டே ஆகவேண்டுமானால், பின்னால் பிரேக் குழாயோ ஒயரோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். துளையின் ஓரத்தில் கொஞ்சம் பெயிண்ட் தடவாவிட்டால் அங்கேதான் துரு பிடிக்கும். அண்ணாந்து பார்த்துக்கொண்டு வேலை செய்ததில் துருத்தூள் என் கண்ணில் விழுந்துவிட்டது. கசக்காமல் சுத்தமான தண்ணீரை விட்டுக் கழுவினேன். அப்புறம்தான் புத்தி வந்து, பையனின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

நாலையும் மாட்டி முடித்துப் பெருமையாக எழுந்தால், பையன் ஸ்டியரிங்கை ஒடித்ததும் 'கரகர' என்று சத்தம். வலது ரப்பர் டயரில் உரசுகிறது! அப்படியே விட்டிருந்தால் சேலம் இறங்குகிற இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ரப்பர் பிய்ந்தே போயிருக்கும். கழற்றி, கொஞ்சம் பின்னால் தள்ளி மாட்டினோம். எந்தப் பக்கம் ஒடித்தாலும் இரண்டு விரல் இடைவெளி இருக்கவேண்டும். ரப்பரின் அடி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றால் மேட்டில் இடிக்காது.

ஒன்று சொல்லவேண்டும். பின்னால் பறக்கிற சேறும் கல்லும்தான் இதனால் நிற்கிறது. குட்டையில் வேகமாக விட்டால் பக்கவாட்டில் அடிக்கிற தண்ணீருக்கு ரப்பர் என்ன செய்யும்? அதற்கு இவர்தான் மெதுவாக ஓட்டவேண்டும். பள்ளிக்கூட நேரத்தில் இப்போது நான் முன் சீட்டில்தான் உட்காருகிறேன். அந்தப் பெண்ணைப் பார்த்தால் நிறுத்தி ஏற்றிக்கொள்கிறோம்.