அம்மாவோட எண்ணெய் மேல தப்பு இல்ல

ஹாஸ்டல்ல பாதிப் பேர் ஊர்ல இருந்து கொண்டுவந்த எண்ணெய் பாட்டிலை அலமாரிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கோம். "தேய்ச்சா பிசுபிசுன்னு அப்படியே நிக்குது"ன்னு புகார் வேற.

உங்க முடி நனையவே நேரமாகுதா, காயவும் பாதி நாள் ஆகுதா? அது 'லோ பொராசிட்டி' முடியா இருக்கலாம். முடியின் மேலடுக்கு, ஓட்டுக்கூரை மாதிரி செதில் செதிலாக அமைந்தது. இந்த வகை முடியில் செதில்கள் நெருங்கிப் படிந்திருப்பதால் தண்ணீரோ எண்ணெயோ மெதுவாகத்தான் உள்ளே போகும். (டம்ளர் தண்ணியில முடியைப் போட்டு மிதக்குதான்னு பார்க்கிற ரீல்ஸை நம்பாதீங்க. பரப்பு இழுவிசை படிச்சவங்கதானே நாம?)

அதனால கை நிறைய ஊத்தி பயனில்லை. தேங்காய் எண்ணெயில் உள்ள லாரிக் அமிலம் முடிக்குள் ஊடுருவக்கூடியது. நாலஞ்சு சொட்டே போதும். குளிச்சு வந்து, லேசான ஈரம் இருக்கும்போதே உள்ளங்கையில் சூடாகத் தேய்ச்சு நுனிவரை தடவுங்க.

அடுத்த தடவை ஊருக்குப் போனா அம்மாகிட்ட ஒண்ணு மட்டும் கேளுங்க: விளக்கெண்ணெய் கலக்க வேண்டாம், அது ரொம்பக் கெட்டி. தேங்காய் எண்ணெயும் கறிவேப்பிலையும், சடசடப்பு அடங்கும்வரை காய்ச்சினா போதும். கறிவேப்பிலை முடி வளர்க்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், வாசனைக்கு கியாரண்டி. அந்த 500 ரூபாய் சீரத்தை அதுவரைக்கும் கார்ட்லயே விட்டுவைங்க.