ஒப்புக்கொடுத்தல் யாருக்கு?

கிறிஸ்தவத் தமிழில் 'ஒப்புக்கொடு' என்றொரு வினை உண்டு. திருப்பலியை ஒப்புக்கொடுக்கிறோம், நோயை ஒப்புக்கொடுக்கிறோம், பிள்ளையின் தேர்வை ஒப்புக்கொடுக்கிறோம். தன்னிடம் உள்ளதைத் தன் விருப்பத்தோடு இறைவன் கையில் வைப்பது என்று பொருள். அழகான சொல்தான், அடிவாங்கி வந்த பெண்ணிடம் அதைச் சொல்லாதவரை.

"ஆண்டவர்கிட்ட ஒப்புக்கொடுத்துடும்மா." குடித்துவிட்டு உதைப்பவனுக்கும் இதுதான் மருந்து, நகையை அடகு வைத்து அழித்தவனுக்கும் இதுதான் மருந்து. மருந்து எப்போதும் அவனுக்காக, குடிப்பவள் மட்டும் அவள். அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "உன் கையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பா" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இறைவனிடம் சரணடைவதற்கு நான் எதிரி அல்ல. இறைவன் பெயரைச் சொல்லிக் கணவனிடமும் மடத்துத் தலைமையிடமும் சரணடையச் சொல்வதற்கே எதிரி. இரண்டும் வேறு வேறு. இரண்டையும் ஒன்றுபோலக் காட்டுவதில்தான் மோசடி இருக்கிறது.

எங்கள் நெற்குப்பை சிவகங்கை மறைமாவட்டத்து எல்லைக்குள் இருக்கும் ஊர். 1987இல் உருவான இந்த மறைமாவட்டத்தின் பெருமை ஓரியூர். போர்த்துக்கல்லில் பிறந்து, அருளானந்தர் என்று பெயர் பூண்டு, இந்த மண்ணில் அலைந்த ஜான் தெ பிரிட்டோ 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே வெட்டிக் கொல்லப்பட்டார். 1947இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். இன்றும் அந்தச் சிவந்த மண்ணை முடிந்து எடுத்துவருகிறோம்.

கதையின் இன்னொரு பகுதியும் எல்லோருக்கும் தெரியும். தடியத்தேவர் நோய் நீங்கி, திருமுழுக்குக் கேட்டார். ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்க வேண்டும் என்றார் அருளானந்தர். தேவர் சம்மதித்தார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தியான கடலாயி, கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அவள் போய் முறையிட்டாள். அருளானந்தர் கைதானார்.

மறையுரைகளில் கடலாயிக்குக் கிடைக்கும் இடம் ஏரோதியாவின் இடம். திருமுழுக்கு யோவானின் தலையைக் கேட்டவள் எவளோ, அவளே இவள். சேதுபதிக்கு அரசுரிமைப் போட்டி பற்றிய அச்சம் இருந்தது, தடியத்தேவர் அவருக்குச் சாதாரண ஆள் அல்ல. ஆனால் பழி விழுந்தது அந்தப் பெண்மேல். பலதார மணத்துக்கா வக்காலத்து வாங்குகிறாய் என்று கேட்பார்கள். இல்லை. நான் கேட்பது சின்னக் கேள்வி: தடியத்தேவர் இறைவனுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தபோது எதைக் கொடுத்தார்? பெண்களைக் கொடுத்தார். பல பெண்களை மணந்ததும் அவர், விலக்கியதும் அவர், மீட்படைந்ததும் அவர். கொடுக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காமல் விட்ட ஒருத்தி வாய் திறந்ததும் அவள் கொலைகாரி ஆனாள். ஒப்புக்கொடுத்தலில் ஆண் கொடுப்பவனாகவும் பெண் கொடுக்கப்படும் பொருளாகவும் இருக்கும் ஏற்பாடு நம் மாவட்டத்தின் மிகப் புனிதமான கதைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

மடத்துக்குள் வருவோம். பாமா, ஏழைத் தலித் பிள்ளைகளுக்கு உழைக்க வேண்டும் என்று துறவற மடத்தில் சேர்ந்தார். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளும் இறைவனுக்குத் தருபவை. ஆனால் அவர் உள்ளே கண்டது வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கான பள்ளியையும், சாதி பார்க்கும் கண்களையும். கேள்வி கேட்டால் கீழ்ப்படிதல் நினைவூட்டப்படும். ஏறத்தாழ ஏழு ஆண்டுகளுக்குப் பின் வெளியேறினார். 1992இல் 'கருக்கு' வந்தது. அவர் தன்னை ஒப்புக்கொடுத்ததில் குறையில்லை. வாங்கிக்கொண்ட கை இறைவனுடையதாக இல்லை, அவ்வளவுதான்.

2018இல் கொச்சியில் ஐந்து அருள்சகோதரிகள் வீதியில் உட்கார்ந்தார்கள். ஆயர் ஒருவர்மீது பாலியல் வன்முறைப் புகார் கொடுத்த சக சகோதரிக்காக அமர்ந்தார்கள். 2022 ஜனவரியில் விசாரணை நீதிமன்றம் அந்த ஆயரை விடுவித்தது. தீர்ப்பு எப்படியானாலும், அந்த ஐவர் செய்த காரியம் நிற்கிறது. கீழ்ப்படிதலுக்கு வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள், அது அநீதியைப் பார்த்தும் வாய்மூடுவதற்குக் கொடுத்த வாக்கு அல்ல என்று நடுத்தெருவில் காட்டினார்கள்.

உடனே எபேசியர் திருமுகத்தை விரிப்பார்கள். மனைவியர் கணவருக்குப் பணிய வேண்டும் என்பது ஐந்தாம் அதிகாரம், 22ஆம் வசனம். அதற்கு முந்திய 21ஆம் வசனம் ஒருவருக்கொருவர் பணியச் சொல்கிறது. திருமணப் பூசைகளில் இருபத்திரண்டு மைக்கில் ஒலிக்கிறது. இருபத்தொன்றை விளக்கி ஒரு மறையுரை கேட்க நான் இன்னும் காத்திருக்கிறேன்.

சரணடைதலின் உச்சம் என்று கெத்சமனியைக் காட்டுவார்கள். சரி, அங்கேயே நிற்போம். இயேசு முதலில் அந்தத் துன்பக் கிண்ணம் வேண்டாம் என்றார், திரும்பத் திரும்பக் கேட்டார். தந்தையின் விருப்பத்துக்கு விட்டது அதன் பிறகு. அவர் பணிந்தது தந்தைக்கு, பிலாத்துவுக்கு அல்ல. தலைமைக் குருவின் முன் கன்னத்தில் அறைந்தவனிடம் ஏன் அடித்தாய் என்று கேட்டவர் அவர். மரியாவும் வானதூதரிடம் இது எப்படி நடக்கும் என்று கேட்டுவிட்டுத்தான் சம்மதித்தார். கேள்வி கேட்கவும் மறுக்கவும் முடிகிறவர் தருவதுதான் சம்மதம். மறுக்க வழியில்லாதவளிடம் வாங்குவதற்குப் பெயர் பறிமுதல்.

தமிழ் மரபில் இந்த வேறுபாடு ஏற்கெனவே தெரிந்ததுதான். காரைக்கால் அம்மையாரின் கதையில், அவரை விட்டுப்போன கணவன் பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணந்து, கடைசியில் அவர் காலிலேயே விழுகிறான். அதன்பின் அம்மையார் அவனுக்காகச் சுமந்த உடலை உதறிவிட்டுப் பேயுருக் கேட்கிறார். அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அங்கே இறைவனிடம் சரணடைதல் கணவன் வீட்டைவிட்டு வெளியேறும் வாசல். நம் பங்குகளில் அதுவே வாசலுக்குப் போடும் பூட்டு.

பூட்டுக்குச் சட்டமும் துணை நின்றது. 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின்படி, மனைவி பிறழ்ந்தாள் என்று மட்டும் காட்டினால் கிறிஸ்தவக் கணவனுக்கு மணமுறிவு கிடைக்கும். மனைவிக்கோ அது போதாது, கணவனின் பிறழ்வோடு கொடுமையையோ கைவிடுதலையோ சேர்த்துக் காட்ட வேண்டும். இது திருத்தப்பட்டது 2001இல். நூற்று முப்பத்திரண்டு ஆண்டுகள் எங்கள் பாட்டிகளும் அம்மாக்களும் 'ஒப்புக்கொடுத்தது' இந்தச் சட்டத்துக்கும் சேர்த்துத்தான்.

திருச்சபைச் சட்டமோ இவர்கள் சொல்வதைவிட இரக்கமானது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் 1153ஆம் விதி, துணைவரால் உடலுக்கோ உள்ளத்துக்கோ கடும் ஆபத்து நேர்ந்தால் பிரிந்து போக நியாயமான காரணம் உண்டு என்கிறது. தாமதித்தால் ஆபத்து என்றால், யார் ஆணைக்கும் காத்திராமல் தன் முடிவிலேயே போகலாம். 2016இல் போப் பிரான்சிஸும், வன்முறையிலிருந்து காக்கப் பிரிவது சில வேளைகளில் அறநெறிப்படியே தேவையாகிறது என்று எழுதினார். பங்குத்தந்தையர்க்கு இது தெரியாதா? தெரியும். அப்படியானால் அடிபட்டவளிடம் ஏன் சொல்வதில்லை?

எனவே என் கோரிக்கை எளியது. திருமணத்துக்கு முன் நடத்தும் தயாரிப்பு வகுப்பில் எபேசியர் 22ஐப் படிக்கும் நாளிலேயே 21ஐயும் 1153ஆம் விதியையும் படியுங்கள். மணப்பெண்ணுக்கும் மணமகனுக்கும் சேர்த்தே படியுங்கள். அதைச் செய்யும்வரை, அம்மா, ஒப்புக்கொடு என்று யாராவது உங்களிடம் சொன்னால் திருப்பிக் கேளுங்கள்: "சரிங்க சாமி, யார்கிட்ட?"